கத்தியால் வரைய எந்த வண்ணம்? வீவக வீட்டுக்குள் நான்கு வழிகள்

பென்சில் கோடு கிடையாது, பிரஷ் கிடையாது. ஒரு கத்தி, நாலைந்து வண்ண டியூப், ஒரு பலகை. கை போகிற போக்கில் வரைந்து பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் ப்ராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடைக்குப் போனால் நான்கு வகை வண்ணங்கள் எதிரே நிற்கும்: வழக்கமான ஆயில், தண்ணீரில் கழுவக்கூடிய ஆயில், சீக்கிரம் காயும் ஆல்கிட், அக்ரிலிக். டியூபுக்குள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். கத்தியில் எடுத்துப் பூசும்போதுதான் நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும்.

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். கத்தியால் மட்டும் வரையப் போகிறீர்கள் என்றால், சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலும் வழக்கமான ஆயில்தான் முதல் தேர்வு. டர்பன்டைன் என்ற கரைப்பானை வாங்கவே வேண்டாம். இதற்கு விலக்கானவர்களும் உண்டு, அவர்களைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

திட்டமில்லாமல் வரைவது என்றால் நடைமுறையில் மூன்று வேலைதான். ஒரு திட்டு வைப்பது, தள்ளி நின்று பார்ப்பது, பிடிக்காவிட்டால் சுரண்டி எடுப்பது. இந்த மூன்றாவதுதான் முக்கியம். முன்கூட்டியே கோடு போட்டு வரைகிறவர் அதிகம் சுரண்ட வேண்டியதில்லை. மனம்போன போக்கில் வரைகிறவருக்கு வைத்ததில் பாதியைச் சுரண்ட வேண்டிவரும். சுரண்டிய இடத்தில் மிஞ்சும் மங்கலான கறை பல சமயம் அடுத்து என்ன செய்யலாம் என்று காட்டிக்கொடுக்கும். அதனால் எந்த வண்ணம் எவ்வளவு நேரம் சுரண்ட விடுகிறது என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். நாற்றம், விலை, காயும் நேரம் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

கத்தியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நேராக நீண்டிருப்பது வண்ணம் கலக்க. கழுத்து வளைந்து, கொத்தனார் கரணையைச் சின்னதாக்கினாற்போல இருப்பது வரைய. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டும். கழுத்து வளைந்திருப்பதால் விரல்முட்டி ஈர வண்ணத்தில் படாது. விரல் நீளத்துக்கு ஒன்று, அதில் பாதியாக முனை கூர்ந்த ஒன்று, இரண்டு போதும். பிளாஸ்டிக் கத்தி வேண்டாம். அதற்கு இரும்பின் வளைவும் துள்ளலும் கிடையாது.

வழக்கமான ஆயில்

"வீட்டுக்குள் ஆயிலா? நாற்றம் தாங்காது" என்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் வரும் எதிர்ப்பு. அந்த நாற்றம் வண்ணத்திலிருந்து வருவதில்லை. ஆயில் வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளி விதை எண்ணெயில் அரைத்தது, அவ்வளவுதான். அதில் லேசான எண்ணெய் வாசனைதான் இருக்கும். மூக்கைத் துளைப்பது டர்பன்டைன், அதாவது பிரஷ் கழுவவும் வண்ணத்தை நீர்க்க வைக்கவும் பயன்படும் கரைப்பான். கத்திக்கு அது எதற்கு? டியூபிலிருந்து வருவதை அப்படியே பூசுகிறீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு கத்தியை டிஷ்யூவில் துடைக்கிறீர்கள். முடித்ததும் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவினால் கத்தி பளிச்சென்று ஆகிவிடும். பிரஷ்காரர்களுக்குத் தலைவலியாக இருக்கும் காரியம் கத்திக்காரர்களுக்கு இல்லவே இல்லை. கடைக்காரர் பொதுவாக இதைச் சொல்லமாட்டார். கரைப்பானும் விற்கிற பொருள்தானே.

அடுத்த பயம், இந்த ஊர் ஈரப்பதத்தில் ஆயில் காயுமா என்பது. இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல்தான். ஆனால் ஆயில் துணி காய்வதுபோலக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுகுகிறது. வெப்பமும் வெளிச்சமும் காற்றோட்டமும் அதற்கு உதவும். ஈரப்பதம் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், தடுத்துவிடாது. 1952-ல் பாலித் தீவுக்கு ஒன்றாகப் போய்வந்த சிங்கப்பூர் ஓவியர்கள் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங் ஆகியோரும், அவர்கள் காலத்து ஜார்ஜெட் சென்னும் இதே புழுக்கத்தில் வாழ்ந்து வரைந்தவர்கள்தான். அந்தத் தலைமுறையின் ஆயில் ஓவியங்கள் தேசியக் கலைக்கூடத்தில் தொங்குகின்றன. டியூப் வாங்குவதற்கு முன் ஒருமுறை அங்கே போய், படத்தை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று, வண்ணம் எங்கே மேடாகவும் எங்கே பள்ளமாகவும் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கனமே எவ்வளவு பெரிய கனம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

காய எவ்வளவு நாள்? மெல்லிய பூச்சு சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும். கத்தியில் வைத்த கனமான திட்டு மேலே தோல் கட்டிய பிறகும் உள்ளே மாதக்கணக்கில் மென்மையாகவே இருக்கும். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காய்வதுமில்லை. அம்பர் போன்ற மண் நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் அவை முந்தும். கருப்பும் காட்மியம் சிவப்பும் பின்தங்கும். குங்குமப்பூ மாதிரியான சாஃப்ளவர் செடியின் விதை எண்ணெயில் அரைத்த வெள்ளை இன்னும் மெதுவாகத்தான் காயும். இந்தத் தாமதம்தான் சுரண்டும் ஆளுக்கு வரம். சனிக்கிழமை இரவு வைத்த திட்டை ஞாயிறு காலை காப்பி குடித்துக்கொண்டே சுரண்டி எடுக்கலாம். மொத்தப் படமும் சேறாகிவிட்டதா? ஒரு செய்தித்தாளை மேலே விரித்து, உள்ளங்கையால் தடவி, மெதுவாக உரித்தால் மேல் வண்ணம் தாளோடு வந்துவிடும், அடியில் ஓர் ஆவி உருவம் மிஞ்சும். லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஹென்றி டாங்க்ஸ் பெயரால் இதை 'டாங்கிங்' என்பார்கள்.

ஆயிலின் உண்மையான குறை வேறு இரண்டு. ஒன்று சேறு. எல்லாம் ஈரமாக இருப்பதால், கத்தியை அழுத்தி இரண்டு முறை இழுத்தால் நீலமும் ஆரஞ்சும் கலந்து அழுக்குப் பழுப்பாகிவிடும். கத்தியை ஏறக்குறையப் படுக்கவைத்து, எடை கொடுக்காமல், ஒரே இழுப்பில் விட்டுவிடப் பழக வேண்டும். அப்படி விட்டால் ஈரத்தின் மேலேயே புது நிறம் சுத்தமாக உட்காரும். இது கைக்கு வர நாளாகும்.

இரண்டாவது குறை பணம். கத்தி வண்ணத்தைத் தின்னும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 க்கு 40 சென்டிமீட்டர் பலகையில் சராசரியாக 2 மில்லிமீட்டர் கனம் வைத்தால் 240 மில்லிலிட்டர் வண்ணம் ஆகும். சாதாரண 37 மில்லி டியூபில் ஆறு போதாது. சுரண்டி எறிவது தனிக் கணக்கு. அதையே 20 க்கு 25 சென்டிமீட்டர் பலகையில், 1 மில்லிமீட்டர் கனத்தில் செய்தால் 50 மில்லிலிட்டர் போதும். ஆகவே கத்தி ஓவியத்தைத் தொடங்குகிறவர் பெரிய கேன்வாஸ் வாங்கவே கூடாது. வண்ணத்திலும் முதலில் மாணவர் தரம் போதும். வின்சர் அண்ட் நியூட்டனின் வின்டன், ராயல் டாலென்ஸின் வான் கோ, டாலர் ரௌனியின் ஜார்ஜியன் போன்றவை. தயங்கித் தயங்கிக் கொஞ்சமாக எடுத்தால் கத்தி ஓவியம் வரவே வராது. விலை உயர்ந்த டியூப் கையில் இருந்தால் யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும். வண்ணம் எண்ணெய் மிகுந்து தளதளவென்று வந்தால், ஒரு மணி நேரம் அட்டையில் பிதுக்கி வைத்துவிடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், வண்ணம் கெட்டியாகும். கூடுதலாக எண்ணெய் மட்டும் சேர்க்க வேண்டாம். கனமான திட்டில் எண்ணெய் மிஞ்சினால் மேல்தோல் சுருங்கிப் போகும்.

தண்ணீரில் கழுவக்கூடிய ஆயில்

கோப்ரா, ஆர்டிசன், ஹோல்பைனின் டுவோ என்று சில பெயர்களில் வருகிறது. இதுவும் உண்மையான ஆயில்தான். தண்ணீரோடு கலக்கும்படி மாற்றிச் செய்திருக்கிறார்கள். காய்வதும் ஏறக்குறைய ஆயிலைப் போலத்தான். அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது இதுதான் என்று பலர் பரிந்துரைப்பார்கள். பிரஷ் பிடிப்பவருக்கு அது சரியான பரிந்துரைதான், கரைப்பான் தேவையே இல்லாமல் போகும். ஆனால் கத்திக்காரருக்கு முதலிலேயே கரைப்பான் தேவையில்லை. பிறகு எதற்கு அதிக விலை? கழுவுவது கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான் லாபம். கனமான திட்டில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் வண்ணம் பால்போல மங்கும், பிசுபிசுக்கும். சில நாள் பிரஷ், சில நாள் கத்தி என்று இருப்பவர் வாங்கலாம். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

ஆல்கிட்

செயற்கைப் பிசின் சேர்ந்த ஆயில் வகை இது. இதை இரண்டு விதமாக வாங்கலாம். ஆல்கிட் வண்ணமாகவே வரும் டியூப், கிரிஃபின் அப்படி ஒன்று. அல்லது வழக்கமான ஆயிலோடு கலக்கும் லிக்வின் மாதிரியான ஜெல். மெல்லிய பூச்சாக இருந்தால் ஒரு நாளிலேயே தொட்டால் ஒட்டாது. இந்த ஊர் வெப்பத்தில் இன்னும் முன்பே பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு மாலைக்குள் சுரண்டலாம், மறுநாள் சுரண்ட முடியாது. மறுநாள் அதன் மேலேயே புது நிறத்தைச் சேறாகாமல் வைக்கலாம். நடுவழி வேண்டும் என்கிறவர்களுக்கு இது நல்லதுதான். ஆனால் அந்த ஜெல்லில் பெட்ரோலியக் கரைப்பான் இருக்கிறது. வாசனையை விரட்டிவிட்டோம் என்று நினைத்தால் ஜெல் வழியாக மறுபடி வந்துவிடும். ஜன்னலைத் திறந்து ஃபேன் போட முடிகிற வீடாக இருந்தால் சரி. புகைமூட்ட மாதங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏர்கானில் இருக்கும்போது வேண்டாம். என் யோசனை, ஜெல்லை வெள்ளையோடு மட்டும் கலப்பது. படத்தில் அதிக இடம் பிடிப்பதும் மெதுவாகக் காய்வதும் வெள்ளைதான். அதை மட்டும் துரிதப்படுத்தினால் ஒரு டப்பா பல மாதம் வரும்.

அக்ரிலிக்

சிங்கப்பூரில் பெரும்பாலோர் முதன்முதலில் வண்ணம் தொடுவது அக்ரிலிக்கில்தான். ஆர்ட் ஜாமிங் கூடங்களில் பொதுவாக அதைத்தான் கொடுப்பார்கள். மூன்று மணி நேரத்தில் வரைந்து, காய்ந்த படத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பதால். சமூக மன்ற வகுப்புகளிலும் அதிகம் பார்க்கலாம். நாற்றம் மிகக் குறைவு, தண்ணீரில் கழுவிவிடலாம், சேறு ஆகாது. கீழே இருக்கும் நிறம் காய்ந்த பிறகு மேலே வைப்பதால் நிறம் நிறமாகவே நிற்கும். தொடங்குகிறவர் கண்ணுக்கு ஒரே மாலையில் படம் தேறிவிடும். இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் சுரண்ட முடியாது. மெல்லிய இழுப்பு 10, 20 நிமிடத்தில் பிளாஸ்டிக் ஆகிவிடும். ஏர்கான் அறையில் அதற்கும் முன்பே. தள்ளி நின்று பார்த்து, தேநீர் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். பிடிக்காததன் மேல் இன்னொன்றைப் பூசலாம், அதை எடுக்க முடியாது. அடியில் இருக்கும் மேடு மேலே துருத்திக்கொண்டேயிருக்கும். நான்கு முறை மனம் மாறினால் நான்கு அடுக்கு மேடு. தாமதமாகக் காயும் கோல்டன் ஓப்பன் மாதிரியான அக்ரிலிக்கும் உண்டு. அது மெல்லிய பூச்சுக்குத்தான் பொருந்தும், கனமாக வைத்தால் காய்வது நெடுநாள் இழுக்கும்.

கடையில் நின்று பார்க்கும்போது தெரியாத வேறு வேறுபாடுகளும் உண்டு. அக்ரிலிக் தண்ணீர் ஆவியாகிக் காய்வதால் கனம் குறையும், கத்தி விட்டுப்போன கூர் விளிம்பு சற்று மழுங்கும். ஈரத்தில் வெளிறித் தெரிந்த நிறம் காய்ந்ததும் ஒரு படி கருக்கும். ஆயிலில் வைத்த விளிம்பும் நிறமும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அப்புறம், அக்ரிலிக் படலம் வெப்பத்தில் கொஞ்சம் இளகும் குணமுள்ளது. இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்து அலமாரியில் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். கத்தியையும் உடனுக்குடன் கழுவ வேண்டும். காய்ந்த துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் அடுத்த இழுப்பில் கீறல் விழும்.

கனம் மலிவாக வேண்டும் என்றால் அக்ரிலிக்கின் பக்கம் ஒரு பெரிய சாதகம் இருக்கிறது: மாடலிங் பேஸ்ட், அதாவது கெட்டியான அக்ரிலிக் பசை. வண்ணத்தோடு கலந்து அளவைக் கூட்டலாம். ஆயில்காரர்கள் இதை இரவல் வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் மாடலிங் பேஸ்ட்டால் பலகையில் மேடு பள்ளம் செய்து, செங்காவி அக்ரிலிக் ஒன்றைப் பூசிக் காயவிடுங்கள். அடுத்த வாரம் அதன் மேல் ஆயிலைக் கத்தியால் மெல்லிய பூச்சாக இழுங்கள். மேடுகளில் புது நிறம் பிடிக்கும், பள்ளங்களில் காவி எட்டிப்பார்க்கும். வண்ணச் செலவு குறையும், காயும் நாளும் குறையும், சுரண்டவும் முடியும். அக்ரிலிக் மேல் ஆயில் வைக்கலாம், ஆயில் மேல் அக்ரிலிக் கூடாது. பிடிக்காது, உரிந்து வந்துவிடும். முதல் தேர்வு ஆயில் என்று சொன்னேன் அல்லவா, பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இந்தக் கலப்பு வழிதான் என் தேர்வு.

யாருக்கு ஆயில் வேண்டாம்

மற்றவர்களோடு அறை பகிர்ந்து வாடகைக்கு இருப்பவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறப் போகிறவர்கள். ஈரப் படத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாடகை அறைக்குப் போவது நடக்கிற காரியமில்லை. அவர்களுக்கு அக்ரிலிக். வீட்டில் நடை பழகும் குழந்தை இருந்தாலும் அதே பதில்தான். வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும் நிறத்தை ஒரு குழந்தையிடமிருந்து காப்பாற்ற முடியாது, காட்மியம் கலந்த நிறம் வாய்க்குப் போவது நல்லதும் அல்ல.

தேதி வைத்துக்கொண்டு வரைகிறவர்களும் யோசிக்க வேண்டும். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் பரிசு என்றால், கனமான ஆயில் படத்தை ஆடி மாதத்திலேயே முடித்திருக்க வேண்டும். புரட்டாசியில் ஞாபகம் வந்தால் ஆல்கிட். தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் அக்ரிலிக்கைத் தவிர வேறு வழியில்லை.

ஆயில் எடுப்பவர் படம் எங்கே காயப்போகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் இருக்கும் பாதுகாப்பு அறைதான், அதாவது எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லும் அந்தச் சாமான் அறைதான் முதலில் நினைவுக்கு வரும். அதுதான் மோசமான இடம். காற்றோட்டம் இல்லை. ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சள் தட்டும், வெள்ளை கெட்டுப்போகும். பிறகு வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு தெளியும், ஆனாலும் எதற்கு வம்பு. பொது நடைபாதையும் வேண்டாம். அவசர வழியில் எரியக்கூடிய பொருளை வைக்கக் கூடாது. ஹாலில் உயரமான அலமாரியின் மேல்தட்டு, நேர் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் வரும் இடம், அதுவே நல்லது. பல்லி ஏறாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஈர வண்ணத்தின் குறுக்கே நடந்துபோன பல்லி விட்டுச்செல்லும் கோட்டை எந்தக் கத்தியாலும் வரைய முடியாது. சிறு பலகைகளைப் பீட்ஸா பெட்டிக்குள் வைத்து மூடியில் சில துளை போட்டால் தூசியும் படாது.

துடைத்த டிஷ்யூ விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஆளி விதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு உண்டாகிறது. எண்ணெய் ஊறிய துணியையோ தாளையோ கசக்கிக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். அப்படியே சுருட்டிக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். தண்ணீரில் முழுவதும் நனைத்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிப் போடுங்கள். அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை கிடையாது. மறதிக்காரர்கள் அக்ரிலிக் எடுப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஆயில் என்று முடிவு செய்தவருக்கு முதல் பட்டியல்: டைட்டானியம் வெள்ளை பெரிய டியூப், 200 மில்லி. அல்ட்ராமரின் நீலம், மஞ்சள் காவி (யெல்லோ ஓக்கர்), செங்காவி (பர்ன்ட் சியென்னா), ஒரு எலுமிச்சை மஞ்சள், ஒரு குளிர்ந்த சிவப்பு, தலா 37 மில்லி. கருப்பு வேண்டாம். அல்ட்ராமரினையும் செங்காவியையும் கலந்தால் அதைவிட நல்ல கருமை கிடைக்கும். கேன்வாஸுக்குப் பதில் 20 க்கு 25 சென்டிமீட்டர் பலகை நான்கைந்து. இழுத்துக் கட்டிய கேன்வாஸ் கத்தி அழுத்தத்தில் குழியும், பின்சட்டத்தின் விளிம்பு முன்னால் கோடாகத் தெரியும். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை என்றால் ஓரங்களுக்கும் பின்புறத்துக்கும் சேர்த்தே அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சைப் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த ஊர் ஈரத்தில் ஓரம் ஊதிவிடும். கனமாக வைத்த படத்துக்கு இறுதி வார்னிஷ் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்துத்தான், அதனால் அதை இந்தப் பயணத்தில் வாங்க வேண்டியதில்லை.